மேலே இருப்பது இளையது

ஜூன் 16

ஸ்பிட்டி மலையூரான காஸாவிலிருந்து ஜீப்பில் வந்தேன். பாதி வழி ஜீப் என்னைச் சுமந்தது, மீதி வழி நான் அதைத் தள்ளினேன். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது தலை பிளந்துகொண்டிருந்தது. முதல் நாளே படுத்துவிட்டான் என்று பெயர் வரக் கூடாதே என்று நிமிர்ந்து நின்றேன்.

வாணி ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். நன்றாகக் கறுத்திருக்கிறாள், மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. "ஏனுங்க, வழியில வாந்தி எடுத்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிற புருஷனிடம் கேட்கிற கேள்வி இது. எடுக்கவில்லை என்றேன். மூன்று முறை எடுத்திருந்தேன்.

இதைப் படிக்கப்போவது நான் மட்டும்தான், ஆனாலும் வாத்தியார் புத்தி, முதலிலிருந்து எழுதினால்தான் கை ஓடும். நானும் என் மனைவி கோகிலவாணியும் ஒரே வகுப்பில் நிலவியல் படித்தவர்கள். நான் தங்கப் பதக்கம். அவள் இரண்டாவது. இன்று நான் சேலத்தில் கல்லூரி வாத்தியார். அவள் வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி, இந்த ஸ்பிட்டி மலைகளை வரைபடமாக்கும் குழுவுக்குத் தலைவி. பதினோரு வருடமாக அவள் அங்கே, நான் இங்கே. இந்தத் தடவை அவளே கூப்பிட்டாள், "லீவு போட்டுட்டு வந்து கூட இருங்க, கைக்கு ஒரு ஆள் வேணும்" என்று. கைக்கு ஆளாக வந்திருக்கிறேன்.

குழுவில் இன்னொருவன் ஜெபராஜ். அவனும் எங்கள் வகுப்புதான். நாகர்கோவில்காரன், தேர்வில் என்னைப் பார்த்து எழுதித் தேறியவன். இப்போது வாணியின் நிறுவனத்தில் அவளுக்கு வலக்கை. என்னைக் கட்டிப்பிடித்து, "லேய் செங்கோடா, இந்தத் தொப்பைய எதுக்குல இவ்வளவு ஒசரத்துக்குத் தூக்கிட்டு வந்தே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்றால் வாணியும், சமையல்காரர் தண்டுப்பும். தண்டுப்புக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

படுக்கும் முன் வாணி சொன்னாள்: "முகாம் முடிஞ்சு போறப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

இப்போதே கேளேன் என்றேன்.

"இப்ப வேண்டாங்க. மொதல்ல இங்க மூச்சு விடப் பழகுங்க."

என்ன கேட்கப்போகிறாள்?

ஜூன் 17

தலைவலி. பூண்டுக் கஞ்சி. மறுபடியும் தலைவலி.

ஜூன் 19

இன்றுதான் வெளியே நடந்தேன்.

இங்கே மரம் கிடையாது. புல்கூட ஓடையோரத்தில் மட்டும்தான். மழை மறந்துபோன பனிப் பாலைவனம். சேர்வராயன் மலையில் ஒரு பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் காபித் தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, உண்ணிச்செடியை வெட்டி, அட்டையைப் பிடுங்கிப் போட்டுத்தான் பார்க்க முடியும். இங்கே மலை துணியே இல்லாமல் நிற்கிறது. கறுப்பு, சாம்பல், பழுப்பு, நடுவே பளீரென்று ஒரு வெள்ளை, மறுபடி பழுப்பு. ஒவ்வொரு நிறமும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த மணலோ சேறோ. தெற்கிலிருந்து நம் நிலம் வந்து முட்டியதில் கடல் போய்விட்டது, அதன் அடித்தளம் மேகத்துக்கு மேலே வந்துவிட்டது. இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து வரைந்து அழித்தவன் நான். நேரில் இன்றுதான் பார்க்கிறேன். வாணி இதன் மேல்தான் தினமும் நடக்கிறாள்.

முகாமுக்கு எதிரே இருக்கும் செங்குத்துப் பாறைதான் அவள் வேலை. அடியிலிருந்து உச்சி வரை அடுக்கடுக்காக அளந்து, எதற்குப் பின் எது படிந்தது என்று வரிசை கட்டியிருக்கிறாள். மூன்று கோடைகால உழைப்பு. ஜூலை ஒன்றாம் தேதி நிபுணர் குழு வந்து பார்க்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால் இந்தப் பள்ளத்தாக்குக்கே இந்தப் பாறைதான் அளவுகோல். இனி எவன் வந்தாலும் வாணியின் வரிசையோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வரிசை கட்டுவதற்கு விதி ஒன்றுதான், முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவோம்: கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஆனால் மலை மடங்குகிற இடத்தில் அடுக்குகள் குப்புறக் கவிழ்ந்திருக்கும். அங்கே இளையதன் தலைமேல் மூத்தது ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வோர் அடுக்கிடமும் உனக்குத் தலை எது, கால் எது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

ஏற்றத்தில் இருபது தப்படிக்கு ஒருமுறை நின்றேன். வாணி திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் இறங்கி வந்து என் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "மூச்சு முட்டுதால? வாய மூடிட்டு மூக்கால விடு, கேட்டியா." பரீட்சையில் மைக்கா எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டவன் எனக்கு மூச்சு விடக் கற்றுத்தருகிறான்.

அவள் வேலைமீது எனக்குப் பொறாமை இல்லை. நான் பதக்கம் வாங்கியவன், எனக்கு எதற்குப் பொறாமை?

ஜூன் 21

ஓடையில் துணி துவைத்தேன். தண்ணீர் கையை வெட்டுகிறது. தண்டுப் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வெந்நீர் கொண்டுவந்தார். மதியம் கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டினேன். பிறகு மாதிரிக் கற்களுக்கெல்லாம் எண் எழுதினேன். கைக்கு ஆள்.

சாயங்காலம் சமையல் கூடாரத்தில் வாணியும் ஜெபராஜும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. நிற்கவில்லை, குறைந்தது. அவளுக்கு டீயில் இஞ்சி தட்டிப் போடக் கூடாது, துருவித்தான் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இது எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் தட்டித்தான் போடுவோம். இத்தனை வருடம் அவள் முகம் சுளிக்காமல் குடித்தாளா, இல்லை, இங்கே வந்த பிறகு நாக்கு மாறிவிட்டதா?

எனக்கு வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன். ஜெபராஜின் மனைவி நர்ஸ், வாணி வேலை பார்க்கும் ஊரில், அவள் குடியிருப்பிலேயே அடுத்த மாடியில் இருக்கிறாள், வாணிக்கு உயிர்த்தோழி. எல்லாம் தெரியும். தெரிந்தால் எரியாது என்று யார் சொன்னது?

பதினோரு வருடத்தில் வாணியை நான் பார்த்த நாட்களைவிட இவன் பார்த்த நாட்கள் அதிகம். எளிய கணக்கு.

ஜூன் 22

இன்றும் அவன்தான் டீ போட்டான்.

ஜூன் 24

என்ன நாள் இது.

அவர்கள் இருவரும் உச்சி அடுக்கை அளக்கப் போனார்கள். என்னால் அவ்வளவு ஏற முடியாது என்று வாணியே தீர்மானித்து, "நீங்க சும்மா ஓடைப் பக்கமா நடந்துட்டு வாங்க" என்றாள். ஓய்வூதியம் வாங்கியவரிடம் சொல்கிற மாதிரி. போகும்போது பையிலிருந்து மஞ்சள் மெழுகுக் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பாறையில் அடையாளம் போடுகிற குச்சி. "இத வெச்சுக்குங்க. மழை பேஞ்சாலும் அழியாது."

செங்குத்துப் பாறையின் இடது பக்கம் ஒரு சிற்றோடை வெட்டிக்கொண்டு போகிறது, இப்போது வறண்டு கிடக்கிறது. அதில் ஏறினேன். வளைவு தாண்டியதும் ஒரு பேருந்து நீளத்துக்கு வெள்ளைப் பாறை நீட்டிக்கொண்டு நின்றது. சாய்வு, நிறம், எல்லாம் மேலே இருக்கிற பாறையின் அதே அச்சு. அதன் உடைந்த பக்கத்தில் அலைத்தடம் தெரிந்தது. கடலோரத்து ஈரமணலில் காலடியில் வரி வரியாகத் தெரியுமே, அது. கல்லாகி அப்படியே நிற்கிறது.

அலைத்தடத்தின் மேடு கூராக இருக்கும், பள்ளம் வட்டமாக இருக்கும். கூர் எப்போதும் வானத்தைப் பார்க்கும். இங்கே கூர் மண்ணைப் பார்த்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன், குனிந்து கால்களுக்கு நடுவே தலையை விட்டும் பார்த்தேன். மண்ணைத்தான் பார்த்தது. அடுக்கு கவிழ்ந்திருக்கிறது. இது கவிழ்ந்திருந்தால் செங்குத்துப் பாறை முழுவதும் கவிழ்ந்திருக்கிறது. வாணி மூத்தது என்று எழுதியதெல்லாம் இளையது, இளையது என்று எழுதியதெல்லாம் மூத்தது. மூன்று வருட வரிசையும் தலைகீழ்.

மெழுகுக் குச்சியால் பாறையில் ஓர் அம்பு போட்டேன், முழ நீளத்துக்கு. இளைய பக்கம் எது என்று காட்டும் அம்பு. அடுக்கு கவிழ்ந்திருந்ததால் அது கீழ்நோக்கி இருந்தது.

இறங்கும்போது மூச்சு முட்டவேயில்லை. பாடிக்கொண்டே வந்தேன்.

முதலில் நன்றாக உறுதி செய்துகொண்டு சொல்லலாம்.

ஜூன் 25

காலைச் சாப்பாட்டின்போது வாணி கேட்டாள், "ஓடைப் பக்கம் போனீங்களே, எதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சப்பாத்தி இன்று மிருதுவாக இருந்தது. நான்கு சாப்பிட்டேன்.

ஜூன் 26

உறுதி செய்யப் போகவில்லை. எதற்கு? கண்ணால் கண்டது போதாதா. வாணியும் ஜெபராஜும் ஒரு அடுக்கைப் பற்றி அரை மணி நேரம் வாதாடினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற நினைப்பே வயிறு நிறைந்தாற்போல இருந்தது. பாவமாகவும் இருந்தது என்று எழுத நினைத்தேன். இல்லை.

ஜூன் 27

மழை. இந்த ஊரில் மழை பெய்வது அதிசயமாம், தண்டுப் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திட்டினார். நம் ஊர்க் கணக்கில் அது தூறல். ஆனால் இந்த மலைகளைப் பிடித்துவைக்க வேரே கிடையாது, அரை மணி நேரத்தில் சிற்றோடை நிறையச் சேறும் சரளையும் குழம்பாகப் பொங்கி வந்தது. கூடாரத்துக்குள் தண்ணீர். நானும் ஜெபராஜும் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டினோம். நான் வழுக்கி விழுந்தேன்.

வாணி என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்துக் காலைத் துடைத்துத் தன்னுடைய கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டாள். கைகளை அவள் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. "வரச் சொல்லி உங்களப் பாடாப் படுத்தறேன்" என்றாள். "ஆனா நீங்க இருக்கறது எனக்கு எவ்வளவு தெம்பா இருக்குது தெரியுங்களா?"

அப்போது சொல்லிவிட வாய் வரை வந்தது. நிஜமாகவே வந்தது. அந்த நேரம் பார்த்து ஜெபராஜ் தலையை நீட்டி, "வாணி, மாதிரியெல்லாம் நனையாம எடுத்து வச்சாச்சு, நீ கவலப்படாத" என்றான். அவள் முகம் மலர்ந்தது. "நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் ஜெபா."

எனக்கு 'தெம்பு', அவனுக்கு 'நீ இல்லைன்னா'. எது பெரியது?

வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 28

வெயில். காலுறையைத் துவைத்துக் காயப்போட்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 30

நாளை குழு வருகிறது. தண்டுப் கிராமத்திலிருந்து முட்டையும் பட்டாணியும் கொண்டுவந்தார். கற்களை வரிசையாகப் பரப்பி, கூடாரத்தைப் பெருக்கி, எல்லோரும் பொண்ணு பார்க்க வருகிற வீட்டைப்போல ஓடிக்கொண்டிருந்தோம்.

மதியம் வாணி என்னை மட்டும் உட்காரவைத்து நாளை பேசப்போவதைச் சொல்லிக் காட்டினாள். நன்றாகப் பேசுகிறாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லும் பெண். இப்போது நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். இவள் எப்போது இப்படி ஆனாள்? நான் இல்லாத இடத்தில்தான் ஆகியிருக்கிறாள்.

முடித்துவிட்டுக் கேட்டாள், "எங்கியாச்சும் தப்பு இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. நாளைக்கு அவங்க முன்னால தெரிஞ்சா என்னால தாங்க முடியாது. உங்க கண்ணு மேல எனக்கு நம்பிக்கை. நீங்க பார்த்துச் சரின்னா சரி."

என் கண்மீது நம்பிக்கையாம். இந்த வார்த்தையை வேலை தொடங்கும்போதே, மூன்று வருடத்துக்கு முன்னால், சொல்லியிருக்கக் கூடாதா?

"நல்லாருக்குது" என்றேன்.

ஜூலை 1

எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் சட்டர்ஜி அம்மா, எழுபதை நெருங்குகிற வயது, கைத்தடியை ஊன்றாமல் தோளில் சாத்திக்கொண்டு நடந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். வாணி என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது கணவர் என்று சொல்லவில்லை. "பேராசிரியர் செங்கோடன், எங்கள் வகுப்பின் தங்கப் பதக்கம்" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

பாறையின் அடியிலிருந்து உச்சி வரை கூட்டிப்போய்க் காட்டினாள். நானும் போனேன். எப்படியோ ஏறிவிட்டேன். அவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். இறங்கியதும் சட்டர்ஜி அம்மா, "அருமையான வேலை, யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று சும்மா மரியாதைக்குக் கேட்டார். அவர் கூட வந்தவர்களைத்தான் கேட்டார்.

நான், "எனக்கு ஓர் ஐயம்" என்றேன்.

வாணி என்னைப் பார்த்தாள். புன்னகை இன்னும் அப்படியே இருந்தது.

அடுக்குகள் கவிழ்ந்திருக்கின்றன, ஆதாரம் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்றேன். குரல் வகுப்பில் வருவதுபோல் கணீரென்று வந்தது. எல்லோரையும் சிற்றோடைக்குள் கூட்டிப்போனேன். மழையின் சேறு காய்ந்து பாறையின் கீழ்ப்பாதியில் அப்பியிருந்தது. நான் நேராகப் போய் உள்ளங்கையால் சேற்றைத் துடைத்தேன். மஞ்சள் அம்பு வெளியே வந்தது. பக்கத்தில் அலைத்தடம், கூர் மண்ணைப் பார்த்துக்கொண்டு. பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கி நின்றேன்.

ஜெபராஜ் முகம் வெளுத்துவிட்டது. "லேய், அது..." என்று ஆரம்பித்தான். வாணி அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் அலைத்தடத்தைப் பார்க்கவில்லை. அம்பைப் பார்த்தாள். அதைச் சுற்றியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்புறம் சட்டர்ஜி அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பேராசிரியர் வருடந்தோறும் மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைப்பார். இன்றைக்கு உங்களுக்கு வைத்திருக்கிறார்" என்றாள்.

சட்டர்ஜி அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டு, பாறையின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றைச் சுரண்டிக் கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போயிற்று. ஒரு பிடி தளர்ந்த சரளையை அள்ளி வெளியே எடுத்தார். "அடியில் மலை இல்லை, வெறும் சரளை. இது விழுந்த கல். மேலேயிருந்து பெயர்ந்து புரண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது" என்றார். "பாஸா, பேராசிரியரே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஸ் என்றேன்.

விரிசலில் நீர் இறங்கும், இரவில் உறையும், உறைந்தால் பருக்கும், நெம்பும். அப்படி வருடக்கணக்காக நெம்பி நெம்பி ஒரு நாள் கல் பிய்ந்து விழும். நானே பாடம் நடத்துகிறேன். கல்லைக் கேள்வி கேட்கும் முன் அதற்கு வேர் இருக்கிறதா என்று அடியில் கை விட்டுப் பார், உருண்டு வந்த கல்லிடம் விலாசம் விசாரிக்காதே என்று ஒவ்வொரு வருடமும் முதல் களப்பயணத்தில் நான் சொல்கிற வாசகம். பையன்கள் அதைப் பேருந்தில் என் குரலிலேயே சொல்லிக் கேலி செய்வார்கள். நான் கை விட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அது நிஜமாக இருக்க வேண்டியிருந்தது.

குழு ஒப்புக்கொண்டுவிட்டது. பட்டாணிக் குழம்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வாணி என் தட்டிலும் பரிமாறினாள்.

அவள் என்னைக் காப்பாற்றியதுகூட எனக்குக் கரிக்கிறது. அதற்கும் அவளுக்குத்தான் சாமர்த்தியம்.

ஜூலை 2

குழுவைக் கிராமம் வரை கொண்டுவிடத் தண்டுப்பும் ஜெபராஜும் போயிருந்தார்கள். காலையில் ஓடைக்கரையில் வாணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கழுவி அடுக்கினேன். சும்மா இருக்க முடியாமல், "நேத்து நீ சமாளிச்சது..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் கல்ல எப்பப் பார்த்தீங்க?" என்றாள்.

"நேத்துக் காலைல. அவங்க வர்றதுக்கு முன்னால சும்மா நடந்து போனேன்."

அவள் ஒரு குண்டானை மணல் போட்டுத் தேய்த்து முடித்தாள். அவசரப்படவில்லை.

"சேத்தத் தொடச்சீங்க. அடியில அம்பு இருந்துச்சு. சேறு வந்தது அன்னைக்குப் பேஞ்ச மழைல. மேல இருக்கறது இளசுங்க, கீழ இருக்கறது மூத்தது. நீங்களே எனக்குச் சொல்லிக்குடுத்ததுதான்."

நான் பிடித்திருந்த தட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"கல்லத் தப்பாப் பார்த்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. போன வருசம் நானே அதப் பார்த்து அரை நாள் ஏமாந்தேன். அன்னைக்கு எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா ரெண்டு பேரும் கைய விட்டுப் பார்த்துட்டுச் சிரிச்சிருப்போம்."

"உறுதி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"உறுதியா நம்புனீங்க" என்றாள். குரல் உயரவேயில்லை. "என் வரிசை முழுசும் தலைகீழுன்னு நம்புனீங்க. நம்பிட்டு, எங்கூட உக்காந்து சோறு தின்னீங்க. தப்பு இருந்தா சொல்லுங்கன்னு கேட்டேன். நல்லாருக்குதுன்னீங்க."

பாத்திரங்களைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். தூக்குகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

ஜெபராஜ்மேல் இருந்த எரிச்சலால் அப்படிச் செய்தேன் என்று சொல்ல நினைத்துக் கூடாரம் வரை போனேன். வாசலில் நின்று யோசித்தேன். அந்த வெள்ளைப் பாறையில் அம்பு போட்டபோது ஜெபராஜ் என் நினைப்பிலேயே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 3

மூட்டை கட்டினேன். காலுறையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜூலை 4

காஸாவில் பேருந்துக்குக் காத்திருந்தபோது பாதி, ஓடும்போது பாதி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் ஜீப் கிளம்பும்போது வாணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு பொட்டலம் கொடுத்தாள். உலர்ந்த எலுமிச்சைத் துண்டுகள். "வழியில வாந்தி வந்தா வாயில அடக்கிக்குங்க." அன்றைக்கு நான் சொன்ன பொய்யும் அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"முகாம் முடிஞ்சு போறப்ப ஒண்ணு கேக்கணும்னியே" என்றேன்.

"அது ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

ஓடைப் பக்கம் எதாச்சும் இருந்துச்சா என்று அவள் கேட்டபோது நான் சொன்ன அதே வார்த்தை. அவள் குத்திக்காட்டுகிறவள் இல்லை, தானாகத்தான் வந்திருக்கும். ஜீப் வளைவு திரும்பும் வரை பார்த்தேன். அவள் நிற்கவில்லை, பாறையைப் பார்த்து ஏறத் தொடங்கிவிட்டாள்.

ஜெபராஜ்தான் காஸா வரை வந்து என்னைப் பேருந்தில் ஏற்றினான். வழியெல்லாம் பேசாமல் வந்தவன், மூட்டையை மேலே கட்டிவிட்டு இறங்கி வந்து கேட்டான்.

"பொறவு எப்பம் வார?"

"எங்க?"

"எங்கன்னா? எங்க ஊருக்குத்தான். அவ ஒனக்கிட்ட கேக்கலியா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான். "புதுசா ஒரு திட்டம் வருது கேட்டியா, இந்த மலைக்க மறுபக்கம். வெளியேருந்து ஒரு வாத்தியாரச் சேத்துக்கிடலாம், மூணு வருசத்துக்கு. ஒனக்குத்தான்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தா. செங்கோடன் கண்ணு இங்க வேணும், அந்த ஆளு கரும்பலகைலயே காலத்தக் கழிச்சிட்டாருன்னு டைரக்டருகிட்ட சண்ட போட்டவளாக்கும். வீட்டுல ஜன்னல் பக்கமா அவ மேசைக்கு எதுத்தாப்புல இன்னொரு மேசை வாங்கிப் போட்டாச்சு. நானும் எனக்க வீட்டுக்காரியும்தான் மூணு மாடி தூக்கிட்டுப் போனோம். இடுப்பு போச்சு மக்கா."

"கேக்கல" என்றேன்.

அவன் என்னென்னவோ சமாதானம் சொன்னான், பேருந்து கிளம்பிவிட்டது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, "லேய், உடம்பப் பாத்துக்க" என்றான். நல்லவன். அவன்மேல் எனக்கு இப்போது எந்தப் பொறாமையும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் மலை போகிறது. கறுப்பு, சாம்பல், வெள்ளை, பழுப்பு. எலுமிச்சைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அந்த மேசையை நினைத்துப் பார்க்கிறேன். ஜன்னல் பக்கம். எதிரே வாணி தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள், நடுவில் நிமிர்ந்து, ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன் என்பாள். இஞ்சியைத் துருவிப் போட்ட டீ இருக்கும். அங்கே உட்கார ஒரு செங்கோடன் இருந்தான், போன மாதம் வரைக்கும் அவளுக்கு அவன்மேல் நம்பிக்கை இருந்தது. எனக்கு அவன்மேல் பொறாமையாக இருக்கிறது.